செவி கொடுக்கும் கருணை



சீனப் புத்தாண்டில் அண்டை வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லச் செல்கிறோம். கூடத்துப் பூசை மாடத்தில் வெண்பீங்கானாலான ஓர் அன்னையின் சிலையைக் காண்கிறோம். அவர்தாம் குவான் யின்.

இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவராக ஆண் வடிவில் வணங்கப்பட்டவர், சீனாவில் காலப்போக்கில் பெண் வடிவம் பெற்றார். உலகத்தின் குரலைக் கேட்டறிபவர் என்பதே அப்பெயரின் கருத்து. அவர் கையிலுள்ள குடுவையில் தூய நீர் இருக்கிறது. அது துயரால் வாடுவோர்க்குத் தெளிக்கும் அருள்நீர் என்பர். அவருக்குப் புலால் படைப்பதில்லை. பூவும் பழமும் தேநீரும் படைப்பர்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் 2002ஆம் ஆண்டு நிறைவுற்ற அவரது வெண்கலச் சிலை 30 மீட்டருக்கும் உயரமானது. வீட்டுச் சிலையோ ஒரு சாண்தான். ஆயினும் இரண்டும் உணர்த்தும் பொருள் ஒன்றே: கருணை என்பது முதலில் காது கொடுத்துக் கேட்பது.

வகுப்பில் பாடம் ஒப்பிக்காத பிள்ளையை நாம் அதட்டுகிறோம். காலையில் அவன் பசியாறினானா என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வீட்டில் முதியவர் இருமுகிறார். வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம்.

வணங்கும் முறை அவரவர் சமயத்துக்குரியது. அச்சிலை புகட்டும் பாடமோ அனைவர்க்கும் பொது. இன்று ஒருவருடைய குரலையாவது பொறுமையாகக் கேட்போம்.