சீட்டின் ஓரத்தில் ஒரு பெயர்



மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரை வரைக்கும் புறப்பட்டுப் போவார். வழியெல்லாம் மக்கள் காத்திருப்பார்கள். கிள்ளையில் இஸ்லாமிய மக்களும் கூடி நின்று வரவேற்பார்கள். அதே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மருந்துக்காகப் புறப்பட்டுப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவள் ஒரு திருநங்கை. வயது இருபத்துநாலு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை, தங்கச்சி என்றே சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளுக்கு இடது கால் வீங்கிவிட்டது. கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எதில் நிற்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றாள். நான்தான் சீட்டு வாங்கினேன். ஆதாரில் இருந்தது அப்பா வைத்த பெயர். உள்ளேயிருந்து அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

“வாக்கா, போயிடலாம்” என்றாள். வந்துவிட்டோம்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். கருத்தடை மாத்திரை. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பது. ஒரு நாளைக்கு மூன்று போட்டால் உடம்பில் பெண்ணுக்குரிய மாற்றம் சீக்கிரம் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் வேறோர் இடத்தில் ஒரு டாக்டர் காலைப் பார்த்ததுமே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. காலத்தில் போனதால் தப்பித்தாள்.

கருத்தடை மாத்திரையில் இருக்கிற எத்தினைல் எஸ்ட்ரடயோல் ரத்தத்தை உறையவைக்கக் கூடியது. அளவை மீறினால் ஆபத்தும் கூடும். அதனால்தான் திருநருக்கான ஹார்மோன் சிகிச்சை தெரிந்த டாக்டர்கள் அதைத் தவிர்த்துவிட்டு எஸ்ட்ரடயோல் என்ற வேறு மருந்தை எழுதுகிறார்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்க ஸ்பைரனோலாக்டோன் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். திருநம்பிகள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் ஹீமோகுளோபின் அளவுக்கு மேல் போகாமல் கவனிக்க வேண்டும். முதல் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனைகள் தேவை. மாத்திரையை ஒளித்துவைத்துப் போடுகிற தங்கை தம்பிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருநங்கையருக்கென்று நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் நம்முடையது. ஆண்டு 2008. சென்னையில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் வந்திருக்கின்றன. இதற்கு முந்தைய தலைமுறை பட்ட பாடு வேறு. இருட்டறையில் தாயம்மா என்ற மூத்த திருநங்கையின் கையால் நிர்வாணம் என்ற உறுப்பு நீக்கம் செய்துகொண்டு, நாற்பது நாள் வெளியே வராமல் கிடந்து பிழைத்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். பிழைக்காமல் போனவர்களை அவர்கள்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே. டவுன் பஸ்ஸில் திருநங்கையருக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, நல்லதுதான். சென்னைக்குப் போகிற பஸ்ஸில் அது செல்லாதே! போக வர டிக்கெட், ஒரு நாள் கூலி, தங்க நேர்ந்தால் யார் வீட்டுத் திண்ணை என்ற கவலை. இலவச மருந்துக்கு இவ்வளவு செலவு. இரண்டு தடவை போவார்கள். மூன்றாவது தடவை மறுபடியும் மருந்துக் கடை அட்டைதான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அறுவை சிகிச்சை சென்னையிலேயே நடக்கட்டும். எந்த மருந்து, என்ன அளவு என்று அங்கேயே முடிவு செய்யட்டும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும், ரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கும், எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கையில் தருவதற்கும் எதற்குச் சென்னை? காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டர் சுமாரில் சிதம்பரம். அங்கே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகவே ஆகிவிட்டது. ஆய்வகம் இருக்கிறது, மனநலப் பிரிவு இருக்கிறது. வாரத்தில் அரை நாள் இதற்கென்று ஒதுக்கினால் எத்தனையோ பேரின் பஸ் பயணம் மிச்சமாகும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சையையும் மனநல ஆலோசனையையும் அரசின் பொறுப்பு என்றே சொல்கிறது. 2022இல் மத்திய அரசு அறிவித்த காப்பீட்டில், திருநர் சான்றிதழ் உள்ளவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சான்றிதழ் இல்லாதவர்கள் கடலூரில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் பலர் பிள்ளையை முதலில் அழைத்துப் போவது பேய் ஓட்டுகிற இடத்துக்கு, இல்லாவிட்டால் “மாத்திடலாம்” என்று உறுதி சொல்லுகிறவரிடம். திருநராக இருப்பது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள். மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்கிற சிகிச்சை கூடாது என்று 2021இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தார். இந்த விஷயம் தனக்குப் போதுமான அளவு தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நீதிபதியே கற்றுக்கொள்ளும்போது அப்பா அம்மாவும் டாக்டரும் கற்றுக்கொள்ளலாம். பேச ஆள் இல்லாமல் ராத்திரி தவிக்கிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தங்கச்சி இப்போது சென்னையில் காட்டி, முறையாக மருந்து சாப்பிடுகிறாள். போன மாதம் அங்கே எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனோம். பதிவு செய்கிற அம்மா ஆதாரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். “உள்ள எந்தப் பேர்ல கூப்பிடச் சொல்லட்டும் கண்ணு?” என்றார். இவள் சொன்னாள். சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பத்தரை மணிக்கு ரத்தம் எடுத்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்ரீமுஷ்ணம் திரும்பிவிட்டோம்.