எட்டாவதோட முடிஞ்சுபோற சீட்

தனியார் பள்ளியில ஆர்.டி.இ. சீட்ல சேர்ந்த பிள்ளைங்க ஒன்பதாவது போகும்போது என்ன ஆகும்? ஃபீஸ் கட்டணும், இல்லன்னா ஸ்கூல் மாறணும். 2009 சட்டம் கொடுக்குற அந்த 25% இடம் எட்டாவதோட முடிஞ்சுடுது. 2013-ல எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை 2023-ல ஒன்பதாவது.

ஆவடியில எங்க தெருப் பையன் ஒருத்தன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறவர். ஃபீஸ் கட்ட முடியல, அரசுப் பள்ளிக்கு மாத்திட்டாங்க. அதுவும் தமிழ் மீடியம்.

முதல் மாசம் வாயே திறக்கல. பழைய ஸ்கூல் வேன் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுவான். பத்தாவது வரைக்கும் சத்துணவு உண்டு, முட்டையோட. இவன் கூச்சப்பட்டுக்கிட்டு டப்பா கட்டிட்டுப் போனான்.

ஒருநாள் அறிவியல் புத்தகத்தோட வந்தான். "அண்ணா, நிறைன்னா வெயிட்தானே?" இல்லடா, நிறை மாஸ், எடைதான் வெயிட். எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிடுச்சு! இப்போ பக்கத்து பெஞ்ச் பையன் இவனுக்குத் தமிழ்ச் சொல் சொல்றான், இவன் அவனுக்கு இங்கிலீஷ் கிராமர். மதியம் ரெண்டு பேரும் ஒரே வரிசையில தட்டோட நிக்கிறாங்க.

அரசுப் பள்ளி தண்டனை இல்ல. நானும் அங்க படிச்சவன்தான். ஆனா எட்டாவதோட முடியும்னு அந்த அம்மாவுக்கு எட்டாவது முழுப்பரீட்சை அப்போதான் தெரிஞ்சிருக்கு. அதுதான் எனக்குக் கோபம். உங்க தெருவுல ஆர்.டி.இ.ல ஏழாவது படிக்கிற பிள்ளை இருந்தா, அவங்க வீட்டுல இப்பவே சொல்லிடுங்க.