வாரிசு கூறாத் தலைவர்

பைதன் என்னுங் கணினி மொழியை 1989 நத்தார் விடுமுறையிலே பொழுதுபோக்காகத் தொடங்கியவர் ஒல்லாந்தரான கைடோ வான் றொசம். அதன் மூலநிரல் யாவர்க்கும் பொது, வளர்த்தோர் தொண்டர். எனினும் இறுதித் தீர்ப்பு அவருடையதே. 'ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்பது வேடிக்கையாய் வழங்கிய பட்டம்.

2018இல் முக்காற்புள்ளியுஞ் சமன்குறியுஞ் சேர்ந்த ஒரு சிறு குறியீட்டை ஏற்பதா என்று பெரும் பிணக்கு மூண்டது. ஏற்றார். தம் முடிவைப் பலர் வெறுத்தமை கண்டு மனஞ் சலித்து, யூலையில் விலகினார். வாரிசைச் சுட்டவில்லை, ஆளும் முறையையும் வகுக்கவில்லை. பொறுப்பின்மையன்றோ எனலாம். ஆயின், இளவரசனைக் காட்டியிருப்பின் தொண்டர் மீண்டுங் குடிகளாகவே இருந்திருப்பர்!

அவர்கள் மாதக்கணக்காய் வாதிட்டு, வாக்களித்து, 2019 தொடக்கத்தில் ஐவர் குழுவொன்றைத் தெரிந்தனர். அவ்வைவருள் றொசமும் ஒருவர். ஐந்தில் ஒரு வாக்கே அவர்க்கு. பிணக்கு மூட்டிய குறியீடு அவ்வாண்டு ஒக்டோபரில் மொழியிற் சேர்ந்தது.