விஷமும் வலி தீர்க்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், நம் கல்லூரியின் புகுமுக வகுப்பு மாணவராக இருந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"மருத்துவத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க. ஆனா சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மட்டும் வேண்டாம். அதைத்தான் நாங்க தினமும் பேசிக்கிட்டு இருக்கோம்" என்று செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். ஆகவே ஒரு விஷத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது கெட்டுப்போன உணவில் வரும் விஷம். நல்ல வேளையாக நீங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள்!

நம்ம வயசுக்கு, இந்த அரங்கில் ஏதாவது ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஹெர்னியா, மூலம், பித்தப்பை, முழங்கால் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். அப்போது யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க." இந்த வாக்கியத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. வலி என்பது வெறும் கஷ்டம் மட்டும் இல்லை. வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். வலியைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பாகம்தான். அது சலுகை இல்லை.

சரி, மார்ஃபின் வகை மருந்துகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நல்ல மருந்துகள்தான், நானே தினமும் கொடுக்கிறேன். ஆனால் வாந்தி, தூக்கக் கலக்கம், அளவு கூடினால் மூச்சு மந்தம், அதோடு கடுமையான மலச்சிக்கல். மூல ஆபரேஷன் ஆனவருக்கு மலச்சிக்கல் வந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வேறு வழிகளைத் தேடுகிறோம். அப்படித் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த ஒரு வழிதான் பொட்டுலினம் நஞ்சு. உங்களுக்கு 'போடாக்ஸ்' என்றால் புரியும். சினிமாக்காரர்கள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிற ஊசி என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதேதான்.

பொட்டுலஸ் என்றால் லத்தீன் மொழியில் தொத்திறைச்சி. ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்றவர்கள் கண் இமை தொங்கி, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சுவிட முடியாமல் இறந்தார்கள். ஜஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்து 1822-ல் நூலாக எழுதினார். அவர் ஒரு கவிஞரும்கூட. அந்த நஞ்சைக் கொஞ்சம் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்த துணிச்சல்காரர். தசைகளை முடக்கும் இந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் துடிக்கும் தசைகளுக்கு மருந்தாகுமே என்று அன்றைக்கே எழுதிவைத்தார்.

பிறகு 1895-ல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில், ஒரு சவ அடக்கத்துக்கு வாசிக்க வந்த வாத்தியக் குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் இந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார். கெர்னரின் யோசனை நிஜமாக இன்னும் பல ஆண்டுகள் ஆயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தினார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கொடுத்தது. முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-ல்தான்.

இது வேலை செய்கிற விதம் சுலபமானது. தசை சுருங்க வேண்டுமானால், நரம்பு முனையில் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வர வேண்டும். அந்தப் பை நரம்பு முனையின் சுவரோடு ஒட்டித் திறக்க ஸ்நாப்-25 என்ற புரதம் தேவை. ஏ வகை நஞ்சு உள்ளே போய் இந்தப் புரதத்தைக் கத்தரித்துவிடுகிறது. தபால்காரர் கடிதத்தோடு நிற்கிறார், ஆனால் கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான். தசை தளர்ந்துவிடும். நரம்பு சாவதில்லை, சுமார் மூன்று மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதற்கும் ஆபரேஷன் வலிக்கும் என்ன சம்பந்தம்? வெட்டின இடம் மட்டும் வலிப்பதில்லை. காயத்தைச் சுற்றியுள்ள தசை பயந்த பிள்ளை மாதிரி இறுகிக்கொள்ளும். இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் இறுகும். வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அந்த இறுக்கத்தை விடுவிக்காது. இந்த வட்டத்தை உடைக்கத்தான் விஷம் வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிறவியிலேயே மூளை பாதிப்பால் கை கால் விறைத்த குழந்தைகள் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டு விலகாமல் இருக்கத் தொடையின் உள்பக்கத் தசையை வெட்டி நீட்டுவார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அந்தத் தசை சுண்டி இழுக்கும். நாலைந்து வயதுக் குழந்தை, என்ன நடக்கிறது என்றே புரியாமல் அலறும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இப்படிப்பட்ட 16 குழந்தைகளில் சிலருக்கு ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே இந்த ஊசியையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசியையும் போட்டார்கள். 2000-ல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளின் வலி அளவு 74 சதவீதம் குறைவு. வலி மருந்துத் தேவை ஏறக்குறையப் பாதி. மருத்துவமனையில் இருந்த நாட்களும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இன்னொன்று நம்ம ஊர்க்காரர்கள் வெளியே சொல்லவே கூச்சப்படுகிற மூலம். மூலத்தை அறுத்தெடுத்த பிறகு ஆசனவாயின் உள் தசை இறுகிக்கொள்ளும். 2003-ல் வெளியான ஆய்வில் 50 பேரில் ஒரு பாதிக்கு 20 யூனிட் மருந்தும் மறு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீரும் ஆபரேஷனின்போது போட்டார்கள். முதல் சில நாட்களில் பெரிய வித்தியாசம் இல்லை. 6-ஆம் 7-ஆம் நாளில்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஏன்? இந்த மருந்து வேலையை ஆரம்பிக்கவே சில நாட்கள் ஆகும், முழு பலன் தெரிய சுமார் இரண்டு வாரம் ஆகும். மெல்போர்ன்காரர்கள் முன்கூட்டியே போட்டதன் சூட்சுமம் இப்போது புரிகிறது, இல்லீங்களா? ஆபரேஷன் வலியை ஆபரேஷன் முடிந்த பிறகு யோசித்தால் தாமதம். முன்பே யோசிக்க வேண்டும். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

ஆனால் நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபின், நெஞ்சுத் தசைக்கு அடியில் விரிவாக்கிப் பை வைத்து மார்பை மறுபடி உருவாக்குவார்கள். தசை விரியும்போது வலி கடுமை. 2004-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மருத்துவர்கள் 48 பேரை ஆராய்ந்து, 100 யூனிட் நஞ்சு வலியை நன்றாகக் குறைத்ததாக எழுதினார்கள். 2015-ல் வந்த ஒரு சோதனையில் ஒரே பெண்ணின் ஒரு பக்கத்தில் மருந்தும் மறுபக்கத்தில் உப்புத் தண்ணீரும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இது எல்லா ஆபரேஷனுக்கும் பொருந்தும் சஞ்சீவி இல்லை. தசை இறுக்கத்தால் வரும் வலிக்குத்தான் பொருத்தம். எலும்பு வலிக்கும் தோல் காயத்துக்கும் இதை நம்பிப் பயனில்லை.

ஆபத்தும் உண்டு. ஆசனவாயில் போட்டால் சிலருக்குக் கொஞ்ச நாள் வாயு அடங்காது. கழுத்தில் போட்டால் விழுங்கச் சிரமம் வரலாம். மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் ஒன்றல்ல. அளவு மாறினால் விபரீதம். எனவே அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆராய்ச்சி நிற்கவில்லை. 2018-ல் லண்டன், ஷெஃபீல்டு விஞ்ஞானிகள் இந்த நஞ்சின் கத்தரிக்கும் பாகத்தை மட்டும் எடுத்து, வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டுமே தேடிப் பிடிக்கும் வேறொரு மூலக்கூறோடு இணைத்தார்கள். முதுகுத் தண்டில் ஒரே ஒரு ஊசி. வலி நீண்ட நாள் அடங்கியிருந்தது, தசையும் முடங்கவில்லை. ஆனால் இது சுண்டெலிகளில் கண்டது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் அடுத்து யாருக்காவது ஆபரேஷன் என்றால், எத்தனை நாள் தங்கணும், எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "டாக்டர், அப்புறம் வலிக்கு என்ன ஏற்பாடு?" என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் பேரனோ பேத்தியோ விறைப்பு நோயோடு இருந்து ஆபரேஷனுக்குப் போனால், இந்த ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் "வேண்டாம்" என்று வரலாம். ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் கிடைத்தால் அதுவே போதும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சந்தேகம் கேட்காத மாணவனை நம் பேராசிரியர்கள் என்றைக்குமே நம்பியதில்லை.