மக்கள் தந்த பதவியை யார் பறிப்பது?



அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ஒருவர் மக்கள் பிரதிநிதியாக இருக்கலாமா? கூடாது என்றால், அதைத் தீர்மானிப்பது யார்? இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இதுதான். இதைப் பேசுவதற்கு விருதுநகரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

1933-ஆம் ஆண்டின் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜர் குற்றம் சாட்டப்பட்டார். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினார்கள். ஆதாரம் இல்லாததால் அவர் விடுவிக்கப்பட்டார். 1937 தேர்தலில் சாத்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குப் போனார். 1941-இல் வேலூர் சிறையில் இருந்தபோதே இந்த ஊர் நகராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தபின் அந்தப் பதவியை அவராகவே துறந்தார். குற்றச்சாட்டு ஒன்றே ஒருவரை விலக்கப் போதும் என்ற விதி அன்று இருந்திருந்தால், 1937-இல் சாத்தூர் அவரை அனுப்பியிருக்கவே முடியாது.

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் அமெரிக்கா தன் அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தில், அரசமைப்பைக் காப்பதாக உறுதியேற்றுவிட்டுக் கிளர்ச்சியில் இறங்கியவர் பதவி வகிக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. அதை யார் செயல்படுத்துவது என்ற கேள்வியில் 2024 மார்ச்சில்தான் டிரம்ப் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சிப் பதவிகளுக்கு மாநிலங்கள் அதைச் செயல்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. விதி எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், யார் கையில் அதிகாரம் என்பதில் அங்கே தெளிவில்லை.

நம் அரசமைப்பில் அப்படியொரு தனி விதி கிடையாது. நம்மிடம் விலக்கும் வழி உறுதிமொழி, நீதிமன்றத் தண்டனை, அவையின் அதிகாரம் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. திராவிட நாடு கோரிக்கையின் பின்னணியில் 1963-இல் வந்த பதினாறாம் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளரே உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. இலங்கையில் 1983-இன் ஆறாம் திருத்தம் இதேபோன்ற உறுதிமொழியைக் கேட்டது. அதை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். தமிழர் குரல் அவைக்குள் ஒலிக்க வேண்டிய காலத்தில் அது வெளியே போய்விட்டது.

நீதிமன்றத் தண்டனை என்ற வழிக்குச் சிவகாசித் தொகுதியே சாட்சி. அதன் மக்களவை உறுப்பினர் வைகோ, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார். ஆனாலும் அவர் பதவி போகவில்லை, ஏனென்றால் எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. தீர்த்திருந்தால் கதை வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் எட்டாம் பிரிவின் பட்டியலில் பொடாவும் இடம்பெற்றிருந்தது. அபராதம் மட்டுமே விதித்திருந்தாலும் ஆறு ஆண்டு தகுதி நீக்கம். அதே வைகோவுக்கு 2019 ஜூலை 5-இல், 2009-ஆம் ஆண்டுப் பேச்சு ஒன்றுக்காகத் தேசத்துரோக வழக்கில் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தேசத்துரோகப் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. எனவே ஈராண்டு தண்டனை பெற்றால்தான் தகுதி போகும் என்ற பொது அளவே பொருந்தியது. அவர் வேட்புமனு ஏற்கப்பட்டது, மாநிலங்களவைக்குப் போனார்.

மூன்றாவது வழி அவை. 1986-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசமைப்பின் மொழிப் பகுதியை எரித்ததற்காக, பேராசிரியர் க. அன்பழகன் உள்ளிட்ட பத்துத் தி.மு.க. உறுப்பினர்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை அந்த டிசம்பரில் பதவி நீக்கம் செய்தது. அப்போது பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். 192-ஆவது பிரிவுப்படி ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும் முறை இங்கே கடைப்பிடிக்கப்படவில்லை. பேரவை தன் சிறப்புரிமையைக் கொண்டு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நாடாளுமன்ற அவைகளுக்கு இத்தகைய அதிகாரம் உண்டு என்பதை 2007-இல் ராஜாராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

சட்டம் அப்படி இருக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினரின் பதவியை ஆளுங்கட்சிப் பெரும்பான்மை பறிப்பது, வழக்காடுபவரே தீர்ப்பும் எழுதுவதாகும். சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலை நாக்பூர் வெடிபொருள் அலுவலக உரிமத்தில் நடக்கிறதா, சென்னை அலுவலக உரிமத்திலா, மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) உரிமத்திலா என்று அங்கே வேலை பார்ப்பவர்களே சொல்வார்கள். கொடுத்தது யார், ரத்து செய்வது யார் என்பதில் அங்கே குழப்பமில்லை. லட்சக்கணக்கானோர் வாக்களித்துத் தந்த பதவிக்கு அந்த அளவு தெளிவாவது வேண்டாமா?

நீதிமன்ற வழியிலும் குறை உண்டு. 2009-இல் வைகோ பேசிய பேச்சுக்குத் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆயிற்று. மக்கள் பிரதிநிதிகள் மீதான இத்தகைய வழக்குகளைக் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. தாமதம் இரு பக்கமும் வெட்டும். நிரபராதி நிழலிலேயே நிற்கிறார். குற்றவாளி பதவியிலேயே இருக்கிறார்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு முன்மொழிவை வைக்கிறேன். அரசமைப்புக்கு எதிராக நடந்தார் என்ற காரணத்துக்காக ஓர் உறுப்பினரை விலக்க வேண்டுமானால், அவை புகார் அனுப்பலாம்; தீர்ப்பு சொல்வது நீதிமன்றமாக இருக்க வேண்டும். அது காலவரம்புக்குள், காரணம் எழுதிச் சொல்லப்பட வேண்டும். கட்டுரை வாசிக்கப்போகும் இளைய ஆய்வாளர்கள் இதை எதிர்த்தே வாதிட்டாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உங்களுக்குப் பிடித்த தலைவருக்கும் பிடிக்காத தலைவருக்கும் ஒரே விதியைப் பொருத்திப் பார்த்துவிட்டு வாதிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.