எரவாணத்தில் செருகிய மருந்துப் புட்டி

(தென்காசி வட்டார உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



கார் நடவு முடிந்து சாரல் விழும் நேரம் இது. குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து என்று கேட்க வந்திருப்பீர்கள். நானும் மருந்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தெளித்தது போக மீதம் எங்கே இருக்கிறது?

பல வீடுகளில் எரவாணத்தில் செருகியிருக்கும், அல்லது கட்டிலுக்கடியில். பாவூர்சத்திரம் சந்தையில் வெங்காய விலை சரிந்த அன்று, வீட்டில் வாய்ச்சண்டை முற்றிய இரவில், அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குடித்திருந்தால் நிதானமும் இருப்பதில்லை. சாகும் எண்ணம் பலருக்குத் திடீரென்று வந்து, சற்று நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடத்த வழி செய்ய வேண்டும்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். 1986-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிநேகா அமைப்பினர், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தலைமையில், இரண்டு கிராமங்களில் பொதுச் சேமிப்பறை அமைத்து, வங்கி லாக்கர் போல விவசாயிகளுக்குப் பெட்டி கொடுத்தார்கள். மருந்து வீட்டைவிட்டு வெளியேறியது. 2013-இல் வெளியான ஆய்வு முடிவு, அங்கே பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததாகக் கூறுகிறது.

இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்தில் வீட்டுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. பூட்டு ஓரிடம், சாவி அதே வீட்டு ஆணியில் என்றால் எப்படிப் பலன் தெரியும் என்பது என் எண்ணம். அந்நாட்டில் பலித்தது கடும் நச்சு மருந்துகளைத் தடை செய்ததுதான். 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது.

ஆகவே உங்கள் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை கேளுங்கள். அதுவரை ஒரு தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பயிர் வளரும் பருவத்தில் குருத்துக் காய்தல் 10 சதவீதத்தைத் தாண்டாத வயலுக்கு மருந்தே வேண்டாம். மீதத்தைக் காலி மது பாட்டிலில் ஊற்றி வைப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். தயவு செய்து இன்றே நிறுத்துங்கள்.

இனி குடியைப் பற்றி. குற்றால அருவியில் தலை கொடுத்தால் பித்தம் தெளியும் என்று குடிகாரரையும் மனம் கலங்கியவரையும் கூட்டிப்போவது நம் பக்கத்து வழக்கம். குளிக்கட்டும், தடையில்லை. ஆனால் பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடிநோய்க்கும் மனச்சோர்வுக்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்படுபவர்கள் 14416-க்குப் பேசலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

போலீஸ் வழக்குக்குப் பயந்து, மருந்து குடித்தவரை வீட்டிலேயே மறைத்து வைப்பதும் நடக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். எனவே பயமின்றி உடனே 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்துப் புட்டியை லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். லேபிள் கிழிந்திருந்தால் கடை ரசீதையாவது எடுத்துச் செல்லுங்கள்.