மட்டாஞ்சேரி யூதர் தெரு

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவை நடந்தே காண வேண்டும். வண்டியில் செல்வோர்க்கு அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடை வாயில்களும் விலைப் பட்டியல்களுமே நினைவில் நிற்கும். நடந்து செல்வோர் அரண்மனை வாயிலிலிருந்து தொடங்குதல் நலம். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றிருப்பினும், இதனை 1555 ஆம் ஆண்டளவில் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். டச்சுக்காரர்கள் 1663 இல் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போயிற்று. அரண்மனையை ஒட்டிப் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது. கோயில் மதிலுக்கு அடுத்தாற்போல் யூதர்களின் தொழுகைக் கூடம். தம் மாளிகைக்கும் வழிபாட்டிடத்திற்கும் அருகிலேயே அயல்நாட்டார்க்கு அரசர் நிலம் அளித்தார் என்பதை இந்த ஒரு மதிலே காட்டிவிடுகிறது.

இவ்வுறவு கொச்சியில் தோன்றியதன்று. கி.பி. 1000 ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தார். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் ஆகியவற்றுக்கான உரிமைகள் அவற்றுள் அடங்கும். சுங்கமும் துலாக்கூலியும் தள்ளுபடி செய்யப்பட்டன. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இச்செப்பேட்டில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயர், தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் காணப்படுவதாகும். ஆதலால் தமிழ் மாணவர்க்கு இது முற்றிலும் அயலார் வரலாறு அன்று. கொடுங்கல்லூர்ப் பகுதியில் செல்வாக்குற்றிருந்த யூதர்கள், துறைமுகச் சிறப்பு கொச்சிக்கு மாறியபின் மெல்ல மெல்ல இங்கு வந்து சேர்ந்தனர்.

தெரு குறுகியது. இருபுறமும் ஓட்டுக் கூரை வேய்ந்த இரண்டடுக்கு வீடுகள். கீழே பண்டகசாலை, மேலே குடியிருப்பு. சில சன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இன்றும் தெரிகிறது. மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணம் இத்தெருவின் பழைய உரிமையாகும். 1957 இல் மிளகு முன்பேர வணிகத்தைத் தொடங்கிய சங்கத்தின் கட்டடமும் இங்கேயே உள்ளது. தரகர்கள் கூடி உரக்கக் கூவி விலை பேசிய காலம் மறைந்தது, கணிப்பொறி வந்தது. பண்டகசாலைகளிற் பல இப்போது பழம்பொருட் கடைகளாகிவிட்டன.

தெருவின் கோடியில் 1760 இல் எழுந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதன் முகங்களில் வெவ்வேறு எண்வடிவங்கள் உள்ளன. அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்கள், மற்றவற்றில் ரோமானிய எண்களும் எபிரேய எழுத்துகளும். மணிக்கூண்டைக் கட்டுவித்தவர் எசக்கியேல் ரகபி. டச்சுக் கும்பினியின் தலைமை வணிகராக விளங்கிய இவரே, கூடத்தின் தரைக்குச் சீனத்துக் கான்ட்டன் நகரிலிருந்து நீல வண்ண ஓவியம் தீட்டிய ஓடுகளை வரவழைத்தார். கூடம் 1568 இல் கட்டப்பட்டது. காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். கொச்சி யூதர்களின் நெடுநாளைய வழக்கம் இது. சனிக்கிழமைகளில் பார்வையாளர்க்கு அனுமதியில்லை என்பதைப் பயணத் திட்டம் வகுப்போர் மறந்துவிடலாகாது.

இதற்குப் ‘பரதேசிக் கூடம்’ என்று பெயர். தமிழ்ச் செவிக்கு இச்சொல் இரந்துண்பவரை நினைவூட்டும். இங்கோ ஸ்பெயின் முதலிய பிற தேசங்களிலிருந்து வந்தவர் என்பதே பொருள். மலபார் யூதர்கள் எனப்பட்ட பழங்குடியினர் இவர்களுக்கு முன்பே இங்கு இருந்தனர். எண்ணிக்கையிலும் அவர்களே மிக்கவர்கள்.

கூடத்தின் அழகைப் புகழ்வோர் அதன் முன்மண்டபத்தைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தினர் அமர்ந்த இடம் அது. உள்ளே இருக்கையில் அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. அக்குடும்பங்களில் ஒன்றில் 1882 இல் பிறந்த ஏ. பி. சேலம் வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1929 இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் வழிபாட்டிடத்திற்குள்ளேயே அவர் கையாண்டார். தடைகள் ஒவ்வொன்றாக விலகின. சாதி வேற்றுமை, அதனை அறியாத சமயத்தையும் இம்மண்ணில் பற்றியது. அதனை எதிர்க்கும் வழியும் இம்மண்ணிலிருந்தே கிடைத்தது.

அதே சேலம் 1953 இல் இஸ்ரேலுக்குச் சென்று, அங்குக் குடியேற விரும்பிய மலபார் யூதர்களுக்காகப் பேசினார். சுமார் 2,500 பேராக இருந்த கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் புறப்பட்டுவிட்டனர். துன்புறுத்தல் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை. சமயப் பற்றும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அழைத்தன. 1968 இல் பரதேசிக் கூடத்தின் நானூறாவது ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் கூட்டு வழிபாட்டிற்கு வயது வந்த ஆடவர் பதின்மர் வேண்டும் என்பது மரபு. அவ்வெண்ணிக்கை உள்ளூரில் குறைந்தபின், வெளியூர் யூதப் பயணிகள் வந்தால்தான் வழிபாடு நிறைவு பெறும் என்னும் நிலை ஏற்பட்டது. மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப் பெண்டிரில் எஞ்சியிருந்த கடைசி மூதாட்டியும் 2024 ஆகஸ்டில் காலமானார்.

பெரும்பாலான பயணிகள் இந்த இடத்தில் திரும்பிவிடுகின்றனர். தெருவின் தென்கோடி வரை நடப்பவர் சிலரே. அங்கே மலபார் யூதர்கள் 1544 இல் கட்டிய கடவும்பாகம் கூடம் இருக்கிறது. மக்கள் புறப்பட்டுச் சென்றபின் அது பண்டகசாலையாயிற்று. பறவூர், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களின் கூடங்கள் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாயின. பரதேசிக் கூடமோ பார்வையாளர் வருகையால் பேணப்பட்டது. பார்வையாளரும் இல்லை, வழிபடுவோரும் இல்லை என்ற நிலையில் கடவும்பாகத்தின் சுவர் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இரண்டு கூடங்களுக்கும் இடையே சில நிமிட நடைதான் தொலைவு.

கடவும்பாகத்தின் உட்புற மரவேலைப்பாடுகள் இடிபாட்டில் சிக்கவில்லை. அவை முன்னரே விற்கப்பட்டுக் கடல் கடந்தன. கொச்சித் தச்சர்கள் செதுக்கிய அம்மரவேலையைக் காண விரும்புவோர் ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும்.